ஒன்பது வருஷம் முடியாத நாற்பது நாள்

பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் தொடக்கு. மற்ற வீடுகளில் தீட்டு என்பதை எங்கள் முஸ்லிம் வீடுகளில் அப்படிச் சொல்வோம். அந்த நாற்பது நாளும் தொழுகை இல்லை, நோன்பு இல்லை, குர்ஆனைத் தொடக்கூடாது. நாற்பதாம் நாள் தலைக்குக் குளித்து, வெளுத்த துணி உடுத்தி, தொழுகைப் பாயில் போய் நின்றுவிட்டால் அவள் பழையபடி மனுஷி. என்னுடைய நாற்பது நாள் ஒன்பது வருஷம் நீண்டது. ஏன் என்று சொல்கிறேன், ஆனால் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சுளித்த முகங்களை நான் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று.

பதினாறு வயதில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை தகரப்பெட்டி செய்கிறவர். மதுரையில் எங்கள் சந்துக்கு இரண்டு தெரு தள்ளி அவர் கடை. அடுத்த வருஷமே பிள்ளை உண்டானது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே, வந்து படுத்தேன். மூன்று நாள் வலி. மருத்துவச்சி காலையிலும் "தலை இறங்கிருச்சு, இந்தா வந்துரும்" என்பாள், சாயங்காலமும் அதையே சொல்வாள். மூன்றாம் நாள் அந்தியில்தான் வந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. அத்தா ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். என் அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். கப்ருஸ்தானில் அவனை எந்த மூலையில் வைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ விழித்தால் பாய் நனைந்திருந்தது. அசந்து தூங்கியதில் அப்படி ஆகிவிட்டதாக்கும் என்று வெட்கத்தோடு துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி வந்தது. அடக்கினேன். அடங்கவில்லை. எனக்குத் தெரியாமலே, என்னைக் கேட்காமலே, சொட்டுச் சொட்டாக மூத்திரம் போய்க்கொண்டே இருந்தது. நின்றாலும் போகும், உட்கார்ந்தாலும் போகும், இருமினால் கேட்கவே வேண்டாம்.

மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு உடம்புச் சூடு என்றாள். அப்புறம் நரம்பு தளர்ந்திருக்கிறது என்றாள். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். பார்லிக் கஞ்சி குடித்தேன். இடுப்பில் தாயத்து கட்டினார்கள். ஓதி ஊதிய தண்ணீர் வந்தது, அதையும் குடித்தேன். குடித்த தண்ணீர் ஓதியதா ஓதாததா என்று என் உடம்பு பார்க்கவில்லை, எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெளியே விட்டது.

நாற்பதாம் நாள் வந்தது. அம்மா வெந்நீர் வைத்துப் பின்கட்டில் என்னை உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றினாள். வெளுத்த சேலையை எடுத்துக் கொசுவி இடுப்பில் செருகியிருக்க மாட்டேன், தொடை வழியாக இறங்கியது.

"குளிச்ச ஈரமா இருக்கும்டி" என்றாள் அம்மா.

குளித்த ஈரத்துக்குச் சூடு ஏது? இரண்டு பேருக்கும் தெரிந்தது. இன்னொரு தடவை குளிப்பாட்டினாள். மறுபடியும் அதே கதை. மூன்றாம் தடவைக்கு வெந்நீர் தீர்ந்துவிட்டது. விரித்த தொழுகைப் பாயை அம்மா மெதுவாகச் சுருட்டி மூலையில் சாத்தினாள். "இன்னைக்கு வேணாம்மா, நாளைக்குப் பாப்போம்" என்றாள். மூத்திரம் சொட்டுகிற உடம்போடு அல்லா முன்னால் நிற்க முடியாது, சுத்தமாகாதவளுக்குத் தொடக்கும் முடியாது, அவ்வளவுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த சட்டம். அந்த 'நாளைக்கு' ஒன்பது வருஷம் வரவில்லை.

புருஷன் வீட்டுக்குப் போய் எட்டு நாள் இருந்தேன். ஒன்பதாம் நாள் மாமியார் என்னைக் குதிரைவண்டியில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினாள். "சொகமானதும் அனுப்புங்க, எங்க வீட்டுல விரிக்கப் பாய் இல்ல" என்றாள். என் புருஷன் கடையில் ஓட்டைக் குடத்தையும் வாளியையும் கொண்டுவந்து வரிசையாக வைப்பார்கள், ஒன்றையும் திருப்பி அனுப்ப மாட்டார், பற்றவைத்துக் கொடுப்பார். பெண்டாட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு வருஷம் கழித்து தலாக் கடிதாசி வந்தது. போகட்டும். ஆனால் தகரத்தைச் சுத்தியலால் தட்டுகிற சத்தம் மட்டும் காலை முழுக்க எங்கள் பின்கட்டுக்குக் கேட்கும். தட்டுவது அவர்தானா, கடையில் வேறு ஆளா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன். வெட்கங்கெட்ட காது.

அத்தாவுக்கு எதுவும் தெரியாது. உங்களுக்கு நம்பிக்கை வராது, ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படி என்பீர்கள். அத்தாவுக்குத் தோல் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. உப்புப் போட்டு அடுக்கிய ஆட்டுத்தோலுக்கும் மாட்டுத்தோலுக்கும் நடுவில் முப்பது வருஷம் இருந்தவர், அவர் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. அவர் வந்தால் முன்கூடம், போனால் வாசல், பெண்கள் புழங்குகிற பின்கட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். "அவளுக்கு வயித்து வலி, அதான் அனுப்பிட்டாங்க" என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். பெண்பிள்ளை வயிற்று வலியைப் பற்றி ஓர் ஆண்பிள்ளை மேற்கொண்டு கேட்பாரா?

அவர் கேட்டது வேறு. வீட்டுக்கு வந்த முதல் ரமலானில் நான் நோன்பும் பிடிக்கவில்லை, தொழவும் இல்லை என்பதைக் கண்டுகொண்டார்.

"இவ ஏன் தொழறதில்ல?" என்று அம்மாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"மனசு சரியில்ல அவளுக்கு" என்றாள் அம்மா.

"புள்ள போச்சுன்னு அல்லாமேல கோவமா? தொழுகையை விட்டவ கையால எனக்குத் தண்ணி வேணாம்" என்றார்.

அன்றோடு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அம்மாவைப் பிடுங்கினேன். "ஆம்பளைகிட்ட இதைப் போயி சொல்லுவாங்களாடி?" என்றாள். நான் சொல்லியிருக்கலாம்தான். அத்தா முகத்தைப் பார்த்து, எனக்கு மூத்திரம் நிற்கவில்லை என்று எப்படிச் சொல்வது? இரண்டு தடவை வாசற்படி வரைக்கும் போய்த் திரும்பினேன்.

அதற்கப்புறம் என் உலகம் பின்கட்டு அறையும் கிணற்றடியும்தான். சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். பழைய வேட்டித் துணிக்குள் சாம்பலை முடிந்து வைத்துக்கொள்வேன். நனைந்ததை எடுத்துக் கசக்கிப் போட்டு, காய்ந்ததை எடுத்து வைத்து, அதுவும் நனைய, பகல் போய்விடும். தண்ணீர் குடித்தால்தானே வரும் என்று எனக்கு நானே வைத்தியமும் கண்டுபிடித்தேன். ஒரு நாளைக்கு ஒரு சின்னச் செம்பு, அதற்கு மேல் நாக்கு ஒட்டிக்கொண்டாலும் குடிக்க மாட்டேன். வந்தது குறையத்தான் செய்தது, ஆனால் மிளகாய் அரைத்துத் தடவியதுபோல எரிந்தது. தொடை இரண்டும் புண். உப்பு உப்பாகப் படிந்து, நடந்தால் அறுக்கும். பெருநாளைக்கு வீடு நிறைய சொந்தக்காரப் பெண்கள் வருவார்கள். பிரியாணி வாசனையும் சிரிப்பும் கதவிடுக்கு வழியாக வரும். யாராவது, "அவ எங்க?" என்பார்கள். "படுத்திருக்கா" என்பாள் அம்மா. ஒரு தட்டில் சோறு வரும். நான் உட்கார்ந்து தனியாகத் தின்பேன்.

ஐந்து வேளைப் பாங்கும் கேட்கும். ஒவ்வொரு பாங்குக்கும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். பாய் கிடையாது, முகம் கை கால் கழுவுகிற ஒளு கிடையாது, உதட்டை மட்டும் அசைப்பேன். அது தொழுகையில் சேருமா சேராதா என்று கேட்க எனக்கு ஆளில்லை. பள்ளிவாசலில் தொழவைக்கிற அசரத்திடம் போய்க் கேட்கவா முடியும்? எனக்கு இருந்ததெல்லாம் இரண்டு ஆசை. ஒரு நாள் உடம்பு காய்ந்து பாயில் நிற்க வேண்டும். அதைப் பார்த்து அத்தா ஒரு வார்த்தை பேச வேண்டும். புருஷனைக் கேட்கவில்லை, பிள்ளையைக் கேட்கவில்லை, இந்த இரண்டையும்தான் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். யார்மேல் என்றுதான் தெரியாது.

எட்டாவது வருஷம், யுத்தகாலத்தில், எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு வண்ணாத்தி வந்தாள். பெண்களின் மாதத் துணிகளைக் கொல்லை வாசல் வழியாக வாங்கிப் போய் வைகையில் வெளுத்துக் கொண்டுவருவது அவர்கள் வேலை. தெருவில் எந்தப் பெண்ணுக்கு எப்போது தள்ளிப்போனது, யாருக்குப் பெரும்பாடு, யாருக்கு வெள்ளைபடுகிறது என்பதெல்லாம் வீட்டு ஆண்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி அவள் துணி பார்ப்பாள். என் துணிகளை நானே கசக்கிக் காயவைப்பது வழக்கம். காய்ச்சலில் விழுந்த ஒரு வாரம் அம்மா பொறுக்காமல் மூட்டை கட்டி அவளிடம் கொடுத்துவிட்டாள்.

மறுவாரம் அவள் துணியோடு வந்து, போகாமல் என் அறை வாசலில் குந்தினாள்.

"தாயி, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"உங்க துணியில ரத்தமே காணோம், எல்லாம் உப்புத்தண்ணி. புள்ள பெத்ததுக்கு அப்புறமா இப்படி?"

என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒருத்தர் சரியான கேள்வியைக் கேட்டார். "ஆமா" என்றேன். அவ்வளவுதான், எட்டு வருஷம் அடைத்துக் கிடந்த அழுகை வந்துவிட்டது.

"அழுவாதீக. எம்புட்டு நேரம் வலிச்சுச்சு, ரெண்டு நாளா, மூணா? அப்பச் சரி. இது சூடுமில்ல, நரம்புமில்ல. உள்ளுக்குள்ள கிழிஞ்சு ஓட்டை விழுந்திருக்கு. அலங்காநல்லூர்ப் பக்கம் எங்க சொந்தத்துல ஒருத்திக்கு இதே மாதிரி. லேடி டாக்டரு தச்சு விட்டாக. இப்ப அவ களையெடுக்கப் போறா."

"தச்சா? ஊசி நூலை வச்சா?"

"பின்ன, கிழிஞ்சதை எப்படிச் சரி பண்றதாம்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு சுளிப்பும் இல்லை. அவளை நான் கையெடுத்துக் கும்பிடாதது இன்றைக்கும் உறுத்துகிறது.

அம்மா ஒப்பவில்லை. ஆஸ்பத்திரியில் கண்டவர் பார்ப்பார்கள், மயக்க மருந்தில் செத்துப்போவாய் என்று என்னென்னவோ சொன்னாள். "நீ வராட்டிப் போ, நான் வண்ணாத்தி கூடப் போறேன்" என்றேன். நான் வீம்பு பிடித்தால் பிடித்ததுதான். அம்மா அத்தாவிடம், வயிற்றில் கட்டி, ஆபரேஷன் செய்ய வேண்டுமாம் என்று இன்னொரு பொய் சொன்னாள். "லேடி டாக்டர்தானே?" என்று மட்டும் கேட்டார் அத்தா. என் பக்கம் திரும்பவில்லை.

வண்டி வைத்துப் போனோம். வெள்ளைத் துப்பட்டியால் மூடிக்கொண்டு, வண்டிக்காரன் இருக்கை நனையக்கூடாதென்று மூன்று சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் முழங்கால் மடக்கி உட்கார்ந்தேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிற தெரு. ஒன்றையும் பார்க்கவில்லை, சாக்கு தாங்குமா என்பதே கவலை.

டாக்டரம்மா நம் ஊர்ப் பெண்தான். மூக்குக் கண்ணாடி, வெள்ளைச் சேலை, காலில் பூட்ஸ். என்னைப் படுக்கவைத்து, ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாக நீலச் சாயத் தண்ணீரை மூத்திரப் பைக்குள் விட்டார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வருகிற வழியில் வைத்திருந்த பஞ்சை எடுத்துக் காட்டினார். பஞ்சு நீலமாக இருந்தது.

"பாரும்மா. மூத்திரப் பைக்கும் பிள்ளை வர்ற வழிக்கும் நடுவுல ஒரு சுவர் மாதிரி சதை. மூணு நாள் பிள்ளையோட தலை அதை எலும்போட வச்சு நசுக்கியிருக்கு. ரத்தம் ஓடாத சதை செத்துப்போகும். எட்டு, பத்து நாள்ல அது உதிர்ந்து விழுந்ததும் ஓட்டை. உன் இடுப்பெலும்பு சின்னது, வயசும் சின்னது. முதல் நாளே இங்க கொண்டுவந்திருந்தா பிள்ளையும் பிழைச்சிருக்கும், இதுவும் வந்திருக்காது."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். பிள்ளையும் பிழைத்திருக்குமாமே! எட்டு வருஷமாக நான் என்ன பாவம் செய்தேன் என்று தேடிக்கொண்டிருந்தவள் நான்.

"தண்ணி எம்புட்டுக் குடிக்கிற?"

"ஒரு செம்பு."

"வேளைக்கா?"

"நாளைக்கு."

டாக்டரம்மா பேனாவை மேஜையில் போட்டார். "அறிவிருக்கா உனக்கு? தண்ணி கொறைஞ்சா மூத்திரம் காட்டமாகும். காட்டமான மூத்திரம் தோலைத் தின்னும். உள்ள உப்பு கல்லாப் படியும். இந்தப் புண்ணெல்லாம் ஓட்டையால வந்ததில்ல, நீ தாகத்தை அடக்கினதால வந்தது. புண் ஆறாம நான் கத்தியைத் தொட மாட்டேன். போய்க் குடம் குடமாக் குடி!"

திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். களிம்பு தடவி, நாளுக்கு எட்டுச் செம்பு தண்ணீர் குடித்ததில் ஒரு மாதத்தில் புண் ஆறியது. எரிச்சல் ஓடியே போனது. இந்தத் தண்ணீர் விஷயத்தை மட்டும் நான் எல்லாப் பெண்களிடமும் சொல்வதுண்டு, கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

அதற்கப்புறம்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். வார்டில் எனக்கு அடுத்த கட்டிலில் உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி வீட்டுப் பெண். பிரசவமான அஞ்சாம் நாளே தலைச்சுமை தூக்கியதில் அவளுக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. அதைத் தாங்க உள்ளே ஒரு ரப்பர் வளையம் வைத்திருந்தார்கள். வளையத்தை மாதக்கணக்கில் அப்படியே விடக்கூடாது, சொன்ன தேதிக்கு வந்து எடுத்துக் கழுவி வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா அவளிடம் பத்துத் தடவை சொன்னார். எதிரே ஒரு புதுப்பெண். மாமியார் வீட்டில் இருட்டினால்தான் காட்டுப் பக்கம் போக முடியும் என்று பகல் முழுக்க அடக்கி அடக்கி, நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலுமாக வந்திருந்தாள். எல்லாம் வாயைத் திறந்து சொல்லாமல் வளர்த்த வியாதிகள்தான். இருக்கிற வரைக்கும் பேசிக்கொண்டிருப்போம். அவர்கள் சொஸ்தமாகி வாரேன் வாரேன் என்று போய்விட்டார்கள். நான் இருந்தேன்.

குளோரோபாரம் கொடுத்துத் தைத்தார்கள். தையலில் ஈரம் தங்கக்கூடாதென்று பதினாலு நாள் குப்புறப் படுக்க வேண்டும். மூத்திரம் குழாய் வழியாகக் கீழே பாட்டிலில் விழும். அம்மா வீட்டில் அத்தாவுக்குச் சமைத்துவிட்டு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் வருவாள், மற்றபடி தலையணையும் தரையும்தான் துணை. தரையில் எத்தனை ஓடு, எந்த ஓட்டில் கீறல் என்று இப்போதும் சொல்வேன். பதினைந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். அன்று பகல் முழுக்கக் காய்ந்திருந்தேன். மறுநாள் விடிந்தபோது விரிப்பு நனைந்திருந்தது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "முக்கால்வாசி ஒட்டியிருக்கு. ஒரு ஓரம் விட்டுப்போச்சு. மூணு மாசம் கழிச்சு வா, மறுபடி தைக்கலாம்" என்றார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்று மாதமும் அம்மாவோடுகூடப் பேசவில்லை. மண்டிக்குப் போகிற அத்தாவின் செருப்புச் சத்தம் கேட்கும், வருகிற சத்தம் கேட்கும். அந்த மூன்று மாதம்போல ஒரு தனிமை ஒன்பது வருஷத்திலும் இருந்ததில்லை. நம்பிக்கை இல்லாத வரைக்கும் ஒருமாதிரி இருந்துவிடலாம். காட்டிவிட்டுப் பிடுங்கினால்தான் தாங்க முடியாது. ஆனாலும் தண்ணீரை மட்டும் குறைக்கவில்லை.

மறுபடி போனேன். மறுபடி மயக்கம், தையல், குப்புறப் படுக்கை, அதே ஓடுகள். பதினைந்தாம் நாள் நீலத் தண்ணீரை விட்டு, பஞ்சை எடுத்தார் டாக்டரம்மா. என் கண்ணுக்கு நேரே பிடித்தார். வெள்ளையாக இருந்தது. நம்பாமல் இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டச் சொன்னேன். இன்னும் ஒரு வாரம் வைத்திருந்து பார்த்தார்கள். ஒரு நாள் எனக்கு மூத்திரம் முட்டியது. முட்டுவது என்றால் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. எழுந்து நடந்து போய் உட்கார்ந்தேன், போனது, தானாக நின்றது, எழுந்து வந்தேன். யா அல்லா, இதைவிட ஒரு சுகம் உண்டா!

வீட்டுக்கு வந்த மறுநாள் அம்மா வெந்நீர் வைத்தாள். தலைக்கு ஊற்றிக் குளித்தேன். உடுத்தினேன். காத்திருந்தேன். ஒன்றும் இறங்கவில்லை. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொன்னதும் பாயை எடுத்து, பின்கட்டில் விரிக்காமல் முன்கூடத்தில் விரித்தேன். அத்தா சாப்பிட வருகிற நேரம் அது. வேண்டுமென்றேதான் விரித்தேன்.

ஓதுவதெல்லாம் மறக்கவில்லை. இரண்டாம் ரக்அத்தில், அதாவது தொழுகையின் இரண்டாம் சுற்றில், இருக்கும்போது செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அத்தா உள்ளே வந்து அசையாமல் நின்றார். முடித்து, இரண்டு பக்கமும் சலாம் கொடுத்துத் திரும்பினேன்.

"இப்பத்தான் மனசு வந்துச்சா?" என்றார்.

எட்டு வருஷம் கழித்துப் பேசிய முதல் பேச்சு! அதைத்தான் கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"மனசா? மனசுக்கு என்ன கேடு? எனக்கு ஒன்பது வருஷமா மூத்திரம் நிக்கல அத்தா! புள்ள செத்துப் பொறந்த நாள்ல இருந்து சொட்டிக்கிட்டே இருந்துச்சு. நாப்பது குளிச்சு முடிக்கல, தொடக்குக் கழியல, எந்த உடம்போட பாயில நிக்கிறது? கட்டியும் இல்ல, வயித்து வலியும் இல்ல. ஓட்டை! இப்பத்தான் தச்சாங்க, இப்பத்தான் நிக்கிறேன்!"

"ஏட்டி, வாயை மூடுடி! அத்தாகிட்ட பேசற பேச்சா இது?" என்று அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். பொத்தினால் ஆயிற்றா, கொட்டியாயிற்று.

அத்தா அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஒன்பது வருஷமும் அதுக்காகவா தொழல?"

"ஆமா."

"அடியம்மா... அதுக்காகத் தொழுகையை விட வேண்டியதில்லையே. நாப்பது நாளோட தொடக்கு முடிஞ்சிருச்சு. அப்புறம் வந்ததெல்லாம் சீக்குத்தான். நிக்காமச் சொட்டுறவங்களுக்கு மார்க்கத்துல வழி இருக்கு. ஒவ்வொரு வேளை வக்துக்கும் புதுசா ஒரு ஒளு செஞ்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான். தொழறப்பவே சொட்டினாலும் தொழுகை கூடும். நோன்பும் பிடிச்சிருக்கலாம். யாரும் உன்கிட்ட சொல்லலையா?"

"யாரு சொல்லுவா? யாருகிட்ட கேக்குறது? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அத்தா தரையைப் பார்த்தார். அம்மாவையும் ஒரு தரம் பார்த்தார். "எனக்கும் அதேதான்" என்றார். "நாலு வருஷமா. வயசாயிருச்சு, அடக்க முடியல. மண்டியிலேயே கசக்கிக் காயவச்சுக்குவேன். அசரத்துகிட்ட போயிக் கேட்டேன், சொன்னாரு. மண்டியில நான்தான் முன்னால நின்னு எல்லாரையும் தொழவைப்பேன், இப்பப் பின்வரிசையில போயி நின்னுக்கிறேன். நல்ல உடம்புக்காரங்களுக்கு இந்தச் சீக்கு உள்ளவன் முன்னால நிக்கக் கூடாது."

அம்மாவுக்கும் இது தெரியாது.

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?" என்று கேட்டேன்.

"இதைப் போயி எப்படிம்மா காட்டுறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அழுகையாகிவிட்டது. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சீக்கோடு இருந்துகொண்டு, அவர் மண்டியிலும் நான் பின்கட்டிலும் ஆளுக்கொரு பக்கம் துணி கசக்கியிருக்கிறோம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அசரத்திடம் கேட்டு வந்திருப்பார், ஒன்பது வருஷத் தொழுகையும் எனக்கு இருந்திருக்கும்.

அழுது ஓய்ந்து, அவருக்கு நானே தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். சாயங்காலத் தொழுகைக்கு, அசருக்கு, நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

"அத்தா, அசருக்கு நீங்க முன்னால நில்லுங்க, நான் பின்னால நிக்கிறேன்" என்றேன்.

"முடியாதும்மா" என்றார். "உனக்குத்தான் நல்லாயிருச்சே."

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்ல வேண்டியிருந்தது, சொல்வதற்குச் சிரமப்பட்டார்.

"என்னை மாதிரியே சொட்டுறவங்களுக்கு மட்டும்தான் நான் முன்னால நிக்கலாம். இந்த நாலு வருஷமும் உனக்கு நின்னிருக்கலாம். இனிமே கூடாது."

பாங்கு சொன்னார்கள். அத்தா எழுந்து ஒளு செய்யப் போனார். நான் என் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். அன்று அசரை அவர் முன்கூடத்தில் தொழுதார், நான் பின்கட்டில் தொழுதேன்.